எச்.ஐ.வி தொற்றில் பி செல்களுக்கு என்ன நேர்கிறது?

கேள்வி இரண்டு பகுதிகளாக வந்திருக்கிறது. எச்.ஐ.வி அழிப்பது, நோய் எதிர்ப்பை ஒருங்கிணைக்கும் வெள்ளணுக்களான சிடி4 டி செல்களைத்தான்; கிருமியைப் பற்றிக்கொள்ளும் புரதமான எதிர்ப்பொருளைச் சுரப்பவையோ பி செல்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள். அப்படியிருக்க, இந்தத் தொற்று உள்ளவர்களுக்கு பாக்டீரியா நிமோனியா ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, தடுப்பூசிகள் ஏன் சரியாக வேலை செய்வதில்லை என்பது முதல் பகுதி. சிகிச்சை தொடங்காத ஒருவரின் இரத்தப் பரிசோதனையில், எதிர்ப்பொருள்களும் அடங்கிய குளோபுலின் என்ற புரத வகை கூடி, அல்புமின்–குளோபுலின் விகிதம் தலைகீழாக இருந்ததைக் குறிப்பிட்டு, எதிர்ப்பொருள் இவ்வளவு மிகுந்திருக்கும்போது எதிர்ப்புச் சக்தி எப்படிக் குறையும் என்று கேட்டிருப்பது இரண்டாம் பகுதி. இரண்டாவதற்கு விடை தெரிந்தால் முதலாவதும் பெரும்பாலும் விளங்கிவிடும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இந்த முரண்பாடு புதிதாகக் கண்டறியப்பட்டதல்ல. எய்ட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.விதான் என்பது உறுதிப்படுவதற்கு முன்பே, 1983இல், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கிளிஃபோர்ட் லேன், ஆன்டனி ஃபௌச்சி உள்ளிட்ட குழுவினர் எய்ட்ஸ் நோயாளிகளின் பி செல்களை ஆராய்ந்தார்கள். யாரும் தூண்டாமலேயே அந்தச் செல்கள் இம்யூனோகுளோபுலினை, அதாவது எதிர்ப்பொருளை, சுரந்துகொண்டிருந்தன. ஆனால் ஆய்வகத்தில் வெளியிலிருந்து தூண்டுதல் கொடுத்தபோது மந்தமாகவே பதிலளித்தன. நாற்பது ஆண்டுகளில் விவரங்கள் எவ்வளவோ சேர்ந்திருந்தாலும் அடிப்படைச் சித்திரம் இன்றும் இதுதான்: எச்.ஐ.வி பி செல்லை ஊமையாக்குவதில்லை, ஓயாமல் கத்தவைத்துக் களைக்கச் செய்கிறது. இரத்தத்தில் மிகுந்திருக்கும் குளோபுலினில் பெரும்பகுதி, உடல் அந்த நேரத்தில் எதிர்கொள்ளும் கிருமி எதையும் குறிவைத்து உருவானதல்ல. அளவைக் கொண்டு ஆற்றலை மதிப்பிட முடியாது என்பதற்கு மருத்துவத்தில் இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

அந்தக் கத்தலுக்குக் காரணம் ஒன்றல்ல. சிகிச்சை பெறாதவரின் உடலில் வைரஸ் நாள்தோறும் பெருகுவதால் அதன் புரதங்கள் நோய் எதிர்ப்பு அமைப்பை இடைவிடாமல் உசுப்பிக்கொண்டே இருக்கின்றன. தொற்றின் தொடக்க வாரங்களிலேயே குடல் சுவரில் உள்ள சிடி4 செல்கள் பெருமளவில் அழிந்து, குடல் பாக்டீரியாவின் சிதைவுப் பொருள்கள் இரத்தத்தில் கசியத் தொடங்குகின்றன. அவையும் பி செல்களைத் தூண்டுகின்றன. செல்களுக்கிடையே செய்தி கடத்தும் ஐஎல்-6, ஐஎல்-10 போன்ற சைட்டோகைன் புரதங்களும், பி செல்களின் ஆயுளை நீட்டிக்கும் பாஃப் என்ற புரதமும் இரத்தத்தில் கூடுகின்றன. எச்.ஐ.வி பொதுவாகப் பி செல்லின் உள்ளே புகுந்து பெருகுவதில்லை. ஆனால் கிருமிகளின் மேல் படியும் காம்ப்ளிமென்ட் என்ற இரத்தப் புரதம் ஒட்டிய வைரஸ் துகள்கள், பி செல்லின் மேற்பரப்பில் உள்ள சிடி21 என்ற ஏற்பியைப் பற்றிக்கொண்டு தொங்குகின்றன. அப்படிச் சுமந்து செல்லும் பி செல், அருகில் வரும் சிடி4 செல்லுக்கு வைரஸைக் கைமாற்றிவிடவும் கூடும். எனவே பி செல்லுக்கும் வைரஸுக்கும் நேரடித் தொடர்பே இல்லை என்று பாடப்புத்தக வாக்கியமாக நினைவில் வைத்துக்கொள்வது சரியல்ல.

இனி, பி செல்கள் என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வதை விட்டு அவற்றின் உட்பிரிவுகளைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சேதத்தின் உண்மையான உருவம் அங்குதான் தெரிகிறது. ஆரோக்கியமான ஒருவரின் இரத்தத்தில் சுற்றும் பி செல்களில் பெரும்பாலானவை இதுவரை எந்த ஆன்டிஜெனையும் (எதிர்ப்பொருள் அடையாளம் காணும் அந்நியப் பொருள்) சந்திக்காத புதிய செல்கள். அடுத்த பெரும் பங்கு, முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்து ஓய்ந்திருக்கும் நினைவு பி செல்கள். சூசன் மோயரும் ஃபௌச்சியும் அவர்களுடைய சகாக்களும் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகள், எச்.ஐ.வி கட்டுக்குள் வராதவர்களிடம் இந்த விகிதம் எப்படிக் குலைகிறது என்பதைக் காட்டின. சிடி4 செல்கள் குறையும்போது கூடும் ஐஎல்-7 என்ற சைட்டோகைனின் விளைவாக, எலும்பு மஜ்ஜையிலிருந்து முழுமையாக முதிராத பி செல்கள் அதிக அளவில் இரத்தத்துக்கு வருகின்றன. ஓய்ந்திருக்கும் நினைவு பி செல்கள் தேய்கின்றன. அவற்றின் இடத்தில், மேற்பரப்பில் சிடி21 குறைந்த இரண்டு வகைச் செல்கள் பெருகுகின்றன: ஒன்று, தூண்டப்பட்டு எதிர்ப்பொருளைச் சுரந்துவிட்டு விரைவில் மடியும் நிலையில் உள்ளது, மற்றொன்று, களைத்துப்போனது.

களைப்பு என்பதை நான் உவமையாகச் சொல்லவில்லை. டி செல்களில் நீண்டகாலத் தூண்டுதலால் வரும் செயலிழப்புக்கு நோயெதிர்ப்பியலில் அந்தப் பெயர்தான் வழங்குகிறது. 2008இல் மோயர் குழுவினர் அதே நிலையைப் பி செல்களிலும் விவரித்தார்கள். இந்தச் செல்களின் மேற்பரப்பில் எஃப்சிஆர்எல்4 போன்ற, செல்லை அடக்கிவைக்கும் ஏற்பிகள் மிகுந்திருக்கும். ஆன்டிஜெனைக் காட்டினாலும் இவை பிளந்து பெருகுவதில்லை. அந்த ஆய்வின் மிக வருத்தமான கண்டுபிடிப்பு வேறு: எச்.ஐ.வியை அடையாளம் காணும் பி செல்கள் இந்தக் களைத்த பிரிவிலேயே குவிந்திருந்தன, அதே மனிதர்களிடம் இன்ஃப்ளுயன்சாவை அடையாளம் காணும் செல்களோ வழக்கமான நினைவுப் பிரிவில் இருந்தன. ஓயாமல் தூண்டப்பட்டவைதான் சோர்ந்திருக்கின்றன. பின்னர் ஆய்வகத்தில் எஃப்சிஆர்எல்4 உள்ளிட்ட சில அடக்கும் ஏற்பிகளின் உற்பத்தியைக் குறைத்துப் பார்த்தபோது செல்கள் ஓரளவு மீண்டு செயல்பட்டன. செல் இறந்துவிடவில்லை, பூட்டப்பட்டிருக்கிறது என்பதற்கு இது சான்று.

நிணநீர்க் கணுக்களுக்குள் நடப்பதைச் சொல்லாமல் இந்த விடை நிறைவு பெறாது. தரமான எதிர்ப்பொருள் உருவாகும் இடம் இரத்தம் அல்ல, நிணநீர்க் கணுவில் உள்ள முளைமையம். அங்கே பி செல்கள் தங்கள் எதிர்ப்பொருள் ஜீன்களில் திடீர்மாற்றங்களை ஏற்படுத்திக்கொண்டு, ஆன்டிஜெனை இறுகப் பற்றும் திறன் யாருக்கு இருக்கிறது என்று போட்டியிடுகின்றன. வென்ற செல்லுக்குப் பிழைக்க அனுமதி தருவது, கணுநுண்ணறைத் துணை டி செல் எனப்படும் ஒரு சிறப்பு வகை சிடி4 செல். துணை டி செல்லின் ஒப்புதல் இல்லாமல் எதிர்ப்பொருள் தன் தொடக்க வகையான ஐஜிஎம்மிலிருந்து ஐஜிஜிக்கோ ஐஜிஏவுக்கோ மாறுவதும், நெடுங்காலம் எலும்பு மஜ்ஜையில் தங்கிச் சுரக்கும் பிளாஸ்மா செல்லாக மாறுவதும் பெரிதும் தடைப்படும். எச்.ஐ.வி குடியேறுவதற்கு மிகவும் விரும்பும் இடங்களில் ஒன்று இந்தத் துணை டி செல்தான். அதற்கு அருகிலேயே, கிளைகள் விரித்த கணுநுண்ணறை டென்ட்ரிட்டிக் செல்கள் தங்கள் மேற்பரப்பில் வைரஸ் துகள்களை மாதக்கணக்கில் சிதையாமல் பிடித்து வைத்திருக்கின்றன. ஆன்டிஜெனைப் பி செல்களுக்குக் காட்டுவதற்காக உடல் செய்துவைத்த ஏற்பாடு, வைரஸின் கிடங்காக மாறிவிடுகிறது.

இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் ஒரு நுணுக்கம் உண்டு. நாட்பட்ட தொற்றில் துணை டி செல்களின் எண்ணிக்கை குறைந்துவிடும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் 2012ஐ ஒட்டி வெளியான ஆய்வுகள், சிகிச்சை பெறாத பலரின் நிணநீர்க் கணுக்களில் அவை கூடியே இருப்பதைக் காட்டின. செல்கள் இருக்கின்றன, உதவிதான் சரியாகக் கிடைப்பதில்லை. பி செல்களின் மேலுள்ள பிடி-எல்1 என்ற புரதம், துணை டி செல்லின் மேலுள்ள பிடி-1 என்ற அடக்கும் ஏற்பியை இடைவிடாமல் அழுத்துவதால், பி செல்லுக்கு உதவும் ஐஎல்-21 என்ற சைட்டோகைனின் சுரப்பு குறைகிறது என்பது அதற்கான விளக்கங்களுள் ஒன்று. தொற்றின் முதல் ஆண்டுகளில் கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருப்பது, வீங்கிய முளைமையங்களின் வெளித்தோற்றம். நோய் முற்றும்போது நுண்ணறைகள் சிதைந்து, கணுவில் நார்த்திசு படிந்து, வீக்கம் வற்றிவிடும். அந்த வற்றலை நோயாளி நல்ல அறிகுறியாக எண்ணிக்கொள்வதுண்டு; மருத்துவர் அப்படி எண்ணுவதில்லை.

எச்.ஐ.விக்கு எதிராகவே உருவாகும் எதிர்ப்பொருள் என்ன ஆகிறது என்று அடுத்து கேட்கத் தோன்றும். இரத்தத்தில் வைரஸ் தென்பட்டு ஏறக்குறைய 8 நாளில் வைரஸோடு பிணைந்த எதிர்ப்பொருள்களும், 13 நாளில் ஜிபி41 என்ற உறைப் புரதத்துக்கு எதிரான தனி எதிர்ப்பொருள்களும் தோன்றிவிடுகின்றன. மற்றோர் உறைப் புரதமான ஜிபி120க்கு எதிரானவை இன்னும் சில வாரம் தாமதமாகும். ஆனால் இந்த முதல் அலை வைரஸைச் செயலிழக்கச் செய்வதில்லை. அதில் ஒரு பகுதி, குடல் பாக்டீரியாவைச் சந்தித்து முன்பே உருவாகியிருந்த பி செல்கள் ஜிபி41ஐப் பார்த்து ஏமாந்து பெருகியதன் விளைவு என்பது வேடிக்கையான செய்தி. உண்மையில் வைரஸைத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் வருவதற்கு மாதங்கள் ஆகின்றன. அவை வரும்போது வைரஸ் தன் உறையை மாற்றிக்கொண்டு நழுவியிருக்கும். எதிர்ப்பொருள், நேற்றைய வைரஸுக்குப் பொருந்துகிறது. இன்றைய வைரஸுக்குப் பொருந்துவதில்லை.

வைரஸின் உறையும் பி செல்லுக்கு எளிதான இலக்கல்ல. ஜிபி120இன் எடையில் ஏறத்தாழப் பாதி, மனித உடலின் சொந்தச் சர்க்கரைகளால் ஆன போர்வை. தன் உடலின் சர்க்கரையை எதிரியாக நினைக்காமல் இருக்கத்தான் பி செல்கள் பயிற்றப்பட்டிருக்கின்றன. இன்ஃப்ளுயன்சா வைரஸின் மேல் நூற்றுக்கணக்கான புரத முனைகள் நெருங்கி இருக்க, எச்.ஐ.வியின் மேல் பத்துப் பதினைந்து முனைகளே அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பதால், ஓர் எதிர்ப்பொருள் தன் இரு கைகளாலும் ஒரே நேரத்தில் பற்றுவது அரிதாகிறது. இத்தனையையும் மீறி, தொற்று ஏற்பட்டுச் சில ஆண்டுகள் கழிந்தபின் ஒரு சிறுபான்மையினரிடம் பல்வேறு எச்.ஐ.வி வகைகளையும் தடுக்கவல்ல பரந்த எதிர்ப்பொருள்கள் உருவாகின்றன. அவற்றுள் ஒன்றான, 2010இல் விவரிக்கப்பட்ட விஆர்சி01, ஆய்வகச் சோதனையில் சுமார் 90 விழுக்காட்டு வகைகளைத் தடுத்தது. அதன் கனச் சங்கிலியின் (எதிர்ப்பொருளின் பெரிய புரத இழை) ஜீன் பகுதியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, மூல வடிவத்திலிருந்து மாறியிருந்தது. அவ்வளவு மாற்றத்துக்கு முளைமையத்தில் பல சுற்றுகள் தேவை, அந்த முளைமையத்தைத்தான் வைரஸ் குலைக்கிறது. தடுப்பூசி ஆய்வின் முழுச் சிக்கலும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும் என்பது என் கருத்து. 2021இல் வெளியான பெரிய சோதனைகளில் விஆர்சி01ஐ நேரடியாக ஏற்றிப் பார்த்தபோது, ஒட்டுமொத்தமாகத் தொற்று குறையவில்லை. ஆனால் அந்த எதிர்ப்பொருளுக்கு எளிதில் ஆட்படும் வகைகளால் வரும் தொற்று சுமார் 75 விழுக்காடு குறைந்தது.

பெரும்பாலோரிடம் பாதுகாப்புக்கு உதவாத, எச்.ஐ.விக்கு எதிரான எதிர்ப்பொருள், நோயைக் கண்டறிவதற்கு மட்டும் பேருதவியாக அமைந்தது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் மாணவி செல்லப்பன் நிர்மலா சேகரித்த இரத்த மாதிரிகள், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் எதிர்ப்பொருளைக் கண்டறியும் எலைசா முறையில் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் எதிர்ப்பொருள் தென்பட்டதால்தான் இந்தியாவில் எச்.ஐ.வி இருப்பது தெரியவந்தது. இன்று நம்பிக்கை மையங்கள் எனப்படும் எச்.ஐ.வி பரிசோதனை மையங்களில் விரல் நுனி இரத்தத்தில் செய்யும் விரைவுப் பரிசோதனையும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. எனவே தொற்றிய முதல் சில வாரங்களில் முடிவு பொய்யாக எதிர்மறை காட்டக்கூடும். தாயின் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் செல்வதால், தொற்றில்லாத குழந்தையும் 18 மாதம் வரை எதிர்ப்பொருள் நேர்மறையாக இருக்கலாம். குழந்தைகளுக்கு ஆறாவது வாரத்தில், வைரஸின் மரபுப்பொருளையே தேடும் பிசிஆர் சோதனை செய்வது இதற்காகத்தான். இன்னொன்றும் உண்டு: தாயின் இரத்தத்தில் தேவையற்ற ஐஜிஜி மிகுந்திருந்தால், நஞ்சுக்கொடியில் அதைக் கடத்தும் ஏற்பிகள் நிரம்பிப்போய், குழந்தைக்குப் பயன்படக்கூடிய எதிர்ப்பொருள்கள் குறைவாகவே போய்ச் சேருகின்றன.

இனி முதல் கேள்வி. நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாவின் மேல் சர்க்கரையால் ஆன உறை இருக்கும். அந்த உறைக்கு எதிரான எதிர்ப்பொருள் ஒட்டினால்தான் வெள்ளணுக்கள் அதை விழுங்க முடியும். அந்த எதிர்ப்பொருளைத் தருபவை பெரும்பாலும் ஐஜிஎம் சுமக்கும் நினைவு பி செல்கள், எச்.ஐ.வியில் தேயும் பிரிவுகளில் அவையும் அடங்கும். உகாண்டாவில் 23 நிமோகாக்கஸ் வகைகளின் உறைச் சர்க்கரையை மட்டும் கொண்ட தடுப்பூசியை எச்.ஐ.வி உள்ள பெரியவர்களுக்குப் போட்டுச் செய்த சோதனை 2000இல் வெளியானது: பலன் இல்லை, தடுப்பூசி போட்டவர்களிடம் நிமோனியா கூடுதலாகவே இருந்தது. இந்தத் தடுப்பூசி வேலை செய்வதற்கு டி செல்களின் உதவி பெரிதாகத் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். சிடி4 குறைவு ஒன்றே காரணம் என்றால் இங்கே இவ்வளவு தோல்வி இருந்திருக்கக் கூடாது; பி செல்லிலேயே குறை இருக்கிறது என்பதை இது உணர்த்துகிறது. அதே சர்க்கரையைப் புரதத்தோடு பிணைத்துத் தயாரித்த தடுப்பூசி, மலாவியில் ஒருமுறை கடும் நிமோகாக்கல் நோயிலிருந்து மீண்டவர்களுக்குப் போடப்பட்டபோது, தடுப்பூசியில் உள்ள வகைகளால் மீண்டும் நோய் வருவதை 74 விழுக்காடு தடுத்ததாக 2010இல் அறிவிக்கப்பட்டது. எச்.ஐ.வி உள்ளவர்களுக்குப் புரதம் பிணைத்த தடுப்பூசியை முதலில் போடச் சொல்வதன் பின்னணி இது.

தேவையற்ற தூண்டுதலின் மற்ற விளைவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்தத் தட்டணுக்களுக்கே எதிர்ப்பொருள் உருவாகித் தட்டணுக்கள் குறையலாம். சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இல்லாதவருக்கும், அதைக் கண்டறியச் செய்யும் விடிஆர்எல் சோதனை பொய்யாக நேர்மறை காட்டலாம், எனவே அதை வைத்துமட்டும் யாரையும் சந்தேகிக்கக் கூடாது. எல்லாவற்றிலும் கவலைக்குரியது பி செல் லிம்ஃபோமா என்ற புற்றுநோய். ஜீனை வேண்டுமென்றே வெட்டி மாற்றும் ஒரு நொதியை பி செல் மட்டும்தான் தன் அன்றாட வேலைக்காகப் பயன்படுத்துகிறது. செல் ஓயாமல் தூண்டப்படும்போது அந்த வெட்டு தவறான இடத்தில் விழ வாய்ப்புக் கூடுகிறது. அதன் ஒரு வகையான பர்கிட் லிம்ஃபோமா, சிடி4 எண்ணிக்கை ஓரளவு நன்றாக இருக்கும்போதே வருவதை இந்தக் கோணத்தில் பார்த்தால் புரியும். மூளையில் தோன்றும் லிம்ஃபோமாவோ, பி செல்களில் தங்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸைக் கட்டுப்படுத்த டி செல்கள் இல்லாமல்போன கடைசிக் கட்டத்துக்குரியது.

எச்.ஐ.வியை அடக்கும் ஏஆர்டி மாத்திரைகள் இவற்றில் எதையெல்லாம் சரிசெய்யும்? வைரஸ் அளவு அடங்கியதும் சில மாதங்களில் குளோபுலின் இறங்கத் தொடங்கும். முதிராத செல்களும், தூண்டப்பட்ட செல்களும், களைத்த செல்களும் குறையும். புதிய பி செல்கள் கூடும். ஓய்ந்திருக்கும் நினைவு பி செல்கள் மட்டும் அவ்வளவு எளிதாக மீள்வதில்லை. தொற்று ஏற்பட்ட தொடக்கத்திலேயே சிகிச்சை தொடங்கியவர்களிடம் அவை பெரும்பாலும் காப்பாற்றப்படுகின்றன; பல ஆண்டுகள் கழித்துத் தொடங்கியவர்களிடம், சிடி4 எண்ணிக்கை உயர்ந்த பின்னும் குறைவாகவே இருக்கின்றன. சிறுவயதில் போட்ட தட்டம்மைத் தடுப்பூசியால் வந்த எதிர்ப்பொருள் அளவு தேய்ந்திருப்பதும் இவர்களிடம்தான் அதிகம். சிடி4 எண்ணிக்கை விழும்வரை காத்திருந்து மாத்திரை தொடங்கிய பழைய முறையைக் கைவிட்டதில் பி செல்களுக்குக் கிடைத்த நன்மையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பேசப்பட வேண்டியது அது.

நீங்கள் குறிப்பிட்டவருக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்றால், குளோபுலின் அளவைத் தனியாகக் குறைப்பதற்கு மருந்து எதுவும் தேவையில்லை, ஏஆர்டியைத் தவறாமல் சாப்பிட்டு வைரஸ் அளவு அடங்கினால் அது தானே இறங்கும்; நிமோகாக்கல், ஹெபடைடிஸ் பி, ஆண்டுதோறும் போடும் இன்ஃப்ளுயன்சா ஆகிய தடுப்பூசிகள் அவருக்கு எப்போது, எந்த வரிசையில் என்பதை ஏஆர்டி மையத்து மருத்துவரிடம் கேட்டு முடிவுசெய்ய வேண்டும். உயிருள்ள கிருமியைக் கொண்ட தடுப்பூசிகளை சிடி4 எண்ணிக்கை பார்க்காமல் போடக் கூடாது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் பொறுத்தவரை, போட்டதோடு விட்டுவிடாமல், கடைசித் தவணைக்கு ஒன்று அல்லது இரண்டு மாதம் கழித்து எதிர்ப்பொருள் அளவைச் சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மில்லி லிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகுக்குக் கீழே இருந்தால், இரட்டிப்பு அளவில் மறுபடியும் முழுத் தவணைகளையும் போடுவது வழக்கம்.